நாற்காலிக்கு முந்திய ஆண்டுகள்

பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அறைகளில் பெரும்பாலும் ஒரு மரப்பலகை தொங்கும். அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை வகித்தவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பெயரை அடுத்துப் பட்டம். பட்டத்தை அடுத்துப் பொறுப்பேற்ற நாளும் ஓய்வு பெற்ற நாளும். ஒருவர் இரண்டே ஆண்டுகள் இருந்திருப்பார். மற்றொருவர் கால் நூற்றாண்டு இருந்திருப்பார். பலகை சொல்வது அவ்வளவே. அந்த நாற்காலியில் அமர்வதற்கு முன்னால் அவர் எத்தனை ஆண்டுகள் கையில் சுண்ணக்கட்டியோடு வகுப்பில் நின்றார் என்பதை எந்தப் பலகையும் சொல்வதில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் அதைக் கேட்பதில்லை. கட்டணம் கேட்பார்கள், தேர்ச்சி விழுக்காடு கேட்பார்கள், வண்டி வருமா என்று கேட்பார்கள்.

நான் நிதியுதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 1979 ஆம் ஆண்டு வரலாற்று ஆசிரியனாகச் சேர்ந்தேன். தலைமையாசிரியனானது 2007 இல். இடையே 28 ஆண்டுகள். என்னோடு ஒரே பயிற்சிக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த நண்பர் அதே ஆண்டு அரசுப் பள்ளியில் சேர்ந்தார். 16 ஆண்டுகளில் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரானார். அதே மாவட்டத்தில் நம்மவர்கள் நடத்திய பெண்கள் பள்ளி ஒன்றில் அதே 1979 இல் சேர்ந்த சகோதரி ஒருவர், ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பள்ளியின் தலைமை நாற்காலியில் அமர்த்தப்பட்டார். மூவரும் ஒரே காலத்தவர். ஏறத்தாழ ஒரே படிப்பு. அறிவிலோ உழைப்பிலோ எங்களுக்குள் ஐந்துக்கும் இருபத்தெட்டுக்கும் உள்ள தூரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு எதனால் இந்த வேற்றுமை?

என் கதை மிக எளியது. எங்கள் நிர்வாகத்துக்கு ஒரே ஒரு பள்ளி. ஆகவே ஒரே ஒரு தலைமையாசிரியர் பதவி. எனக்கு முன்னவர் 1981 இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 32. அப்போது ஓய்வு வயது 58. கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் விடை அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், நல்ல நிர்வாகி. 26 ஆண்டுகள் இருந்தார். அவருக்குக் கீழே பணியாற்றிய எங்களில் நால்வர் தலைமையாசிரியராகாமலே ஓய்வு பெற்றார்கள். அவர்களில் இருவர் என்னைவிடச் சிறந்த ஆசிரியர்கள். முன்னால் இருப்பவரின் பிறந்த தேதி பின்னால் வருபவரின் சேவைக் காலத்தை நிர்ணயிக்கிறது என்பதை ஒற்றைப் பள்ளி நிர்வாகங்களில் வேலை பார்த்தவர்கள் நன்கு அறிவார்கள்.

நண்பரின் கதை வேறு. தமிழகத்தில் 1978 ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் ஆண்டுப் படிப்பு கல்லூரி வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாக உயர்ந்தன. முதுகலை ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்த அவர் அந்தக் கதவு திறந்த வேளையில் உள்ளே நுழைந்தார். மேல்நிலைப் பள்ளித் தலைமைக்கு முதுகலை ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் என்று இரண்டு வழிகளில் ஆட்கள் வருகிறார்கள். புதிதாக வெட்டிய வாய்க்காலில் முதலில் இறங்கியவருக்குக் கூட்டம் குறைவு. பத்து ஆண்டு கழித்து அதே தகுதியோடு வந்தவர்கள் அவரைக் காட்டிலும் நெடுநாள் காத்திருந்தார்கள்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இதைவிட விசித்திரமான ஒன்றைக் காணலாம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஆம் ஆண்டு ஜூன் முதல் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். ஆயினும் பதவி உயர்வுக்கான பணிமூப்பு ஒன்றிய அளவிலேயே பார்க்கப்பட்டு வந்தது. ஓர் ஒன்றியத்தில் மூத்தவர்கள் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றிருந்தால் அங்கே இளையவர் விரைவில் தலைமையாசிரியராவார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஒன்றியத்தில் அதே வயதுடையவர் இன்னும் பத்து ஆண்டு மூன்றாம் வகுப்புக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொண்டிருப்பார். 2023 ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த அரசாணை 243, இந்த ஒன்றிய மூப்பை மாநில அளவிலான மூப்பாக மாற்றியது. அதை எதிர்த்து ஆசிரியர் சங்கங்கள் தெருவுக்கு வந்ததில் வியப்பில்லை. வரிசையின் நீளத்தை மாற்றினால் வரிசையில் நிற்பவரின் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

ஓய்வு வயதும் அப்படித்தான். 2020 இல் 58 ஐ 59 ஆக்கினார்கள். 2021 இல் 60 ஆக்கினார்கள். ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் வயது நிறைவால் ஓய்வு பெறுபவர் என்று அநேகமாக எவருமே இல்லை. நாற்காலியில் இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கூடியது; நாற்காலிக்குக் காத்திருந்தவர்களின் ஆசிரியப் பணியிலும் இரண்டு ஆண்டு கூடியது. அவர்கள் விரும்பிக் கூட்டிக்கொண்ட அனுபவமன்று அது.

சேவைப் பதிவேட்டில் உள்ள ஆண்டும் உண்மையில் பாடம் நடத்திய ஆண்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2003 ஐ ஒட்டித் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட ஆசிரியர்களுக்கு 2006 ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியில்தான் முறையான காலமுறை ஊதியம் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர்கள் நடத்திய பாடமும் பாடந்தான். திருத்திய நோட்டும் நோட்டுத்தான். ஆனால் அவர்களின் கணக்கு 2006 இல்தான் தொடங்குகிறது. மெட்ரிக்குலேஷன் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்குப் பத்து ஆண்டு உழைத்துவிட்டு அரசு அல்லது நிதியுதவிப் பள்ளிக்கு வருபவரின் பழைய ஆண்டுகளை எந்தப் பதிவேடும் ஏற்பதில்லை. நம் பெண்மக்களில் இத்தகையோர் மிகப் பலர்.

எத்தனை ஆண்டு நடத்தினாலும் வரிசையிலேயே சேராதவர்கள் வேறு உண்டு. எங்கள் பள்ளியின் அரபு முன்ஷி 35 ஆண்டுகள் பணியாற்றினார். ஊரில் பாதிப் பேருக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தவர். முன்ஷி, ஓவிய ஆசிரியர், தையலாசிரியை, உடற்பயிற்சி ஆசிரியர் ஆகியோருக்குத் தலைமை நாற்காலி எட்டாத பழம். புலவர் பட்டத்தோடு நின்றுவிட்ட தமிழாசிரியர்களும் நெடுங்காலம் இந்த வருத்தத்தைச் சுமந்தவர்கள். ஒரு பள்ளியில் மிக நீண்ட வகுப்பறை அனுபவம் உடையவர் அதன் தலைமைக்குத் தகுதியே இல்லாதவராக இருப்பது நம் ஏற்பாட்டில் மிகச் சாதாரணமான செய்தி. அரபு மதரஸாக்களின் மரபு இதற்கு நேர்மாறானது. அங்கே தலைமை உஸ்தாத் பெரும்பாலும் உயர் வகுப்பின் கடினமான கிதாபைத் தாமே நடத்துவார். தலைமை ஏற்றதால் ஓதிக் கொடுப்பது நின்றுவிடாது. சொல்லப்போனால் சுமை கூடும்.

இனி நம் சமுதாயத்தை நேரே தொடுகின்ற செய்திக்கு வருகிறேன். அரசுப் பள்ளியில் தலைமை என்பது வரிசை. நம் பள்ளிகளில் அது தேர்வு. அரசியலமைப்பின் 30 ஆம் பிரிவு, சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது அந்த நிர்வாக உரிமையின் உயிர்நிலை என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. 1998 இல் கேரளத்து முஸ்லிம் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வழக்கில், தகுதி உடைய ஒருவரை மூப்பு வரிசையைப் பாராமல் தலைமையாசிரியராக்க அந்த நிர்வாகத்துக்கு உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பொதுவாகத் தனியார் பள்ளிகளுக்கென்று 1974 இல் வகுக்கப்பட்ட தமிழக விதிகளும், தகுதியும் திறமையும் முதலில், அவை ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே மூப்பு என்றுதான் சொல்லின. பிற்பாடு அந்தச் சட்டத்தின் இடத்தில் வேறு சட்டம் வந்தது, அது இருக்கட்டும்.

வரிசையின் குருட்டுத்தனத்திலிருந்து நமக்கு விடுதலை தரப்பட்டிருக்கிறது. அந்த விடுதலையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்? சில இடங்களில் உண்மையாகவே திறமையைத் தேடினோம். சில இடங்களில் அண்ணன் மகனைத் தேடினோம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதில்லை: தேடுவதற்கே ஆள் இல்லாமற்போனது.

எழுபதுகளின் நடுவிலிருந்து வளைகுடா நாடுகள் நம் இளைஞர்களை அழைத்துக்கொண்டன. பட்டம் பெற்ற பையன் பி.எட். படித்து மூன்று இலக்கச் சம்பளத்துக்கு வருவானா, துபாய்க்குப் போவானா? குடும்பங்கள் கல் வீடு கட்டின. பள்ளிவாசல்கள் புதுப்பொலிவு பெற்றன. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. அப்பள்ளிகளில் நிற்கத்தான் நம் ஆண்பிள்ளைகள் இல்லை. தலைமைப் பதவி நம்மவரிடமே இருக்கவேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது, விரும்புவது குற்றமுமன்று. ஆனால் ஆசிரியர் அறையில் நம்மவர் இருவரே. ஒருவருக்கு ஆறு ஆண்டு அனுபவம், இன்னொருவருக்கு நான்கு. அவர்களுக்கு நேர் எதிரே 20 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்த மாற்றுமதச் சகோதரர் அமர்ந்திருப்பார். அவர் ஒன்றும் பேசமாட்டார். மறுநாளும் மணி அடித்தவுடன் வகுப்புக்குப் போவார்.

பெண்கள் பள்ளிகளில் இதே வறட்சி வேறோர் உருவில் வந்தது. முதலில் சொன்ன சகோதரி ஐந்தாண்டு அனுபவத்தில் தலைமை ஏற்றதற்குக் காரணம், அவ்வூரில் பட்டமும் பயிற்சியும் பெற்ற முஸ்லிம் பெண் அவர் ஒருவர்தான். அவர் அந்தப் பள்ளியை எப்படி வளர்த்தார் என்பதைப் பார்த்தவன் நான். ஆகவே குறைந்த ஆண்டு என்றால் குறைந்த தரம் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் ஒன்று: தலைமையாசிரியை ஆன பின்னும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை அவர் எவரிடமும் கொடுக்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் குறைந்திருந்த ஆண்டுகளை நாற்காலியில் இருந்துகொண்டே சேர்த்துக்கொண்டார்.

பெண்களின் சேவைக் காலத்தை வேறெதையும்விடத் திருமணமே துண்டாக்குகிறது. கணவர் ஊருக்குப் போனால் பழைய பள்ளி போயிற்று. ஆண்டுகளும் அதோடு போயின. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழ, மாப்பிள்ளை அங்கே வருவது வழக்கம். அதைப் பழைய சம்பிரதாயம் என்று சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். ஓர் ஆசிரியை ஒரே பள்ளியில் முறிவின்றி முப்பது ஆண்டு பணியாற்ற அந்தச் சம்பிரதாயம் எத்துணை துணை நிற்கும் என்பதைக் கல்வி பற்றி எழுதுவோர் எவரும் எழுதக் காணோம்.

ஆண்டுகளே வேண்டாம் என்று சொல்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் பதவிக்கு முதிர்ந்த வயதிலேயே ஆளை எடுத்து வந்த ஜப்பான், 2000 ஆம் ஆண்டு விதியைத் திருத்தி, ஆசிரியர் உரிமம் இல்லாத, வெளியுலகில் நிர்வாகம் பழகியவர்களையும் பள்ளித் தலைவர்களாக அமர்த்த வழி செய்தது. நம் ஊரிலும் தனியார் பள்ளிகள் சிலவற்றில் முதல்வர் வேலை என்பது வண்டி, கட்டணம், விளம்பரம் ஆகிவிட்டது. அதற்கு வகுப்பறை அனுபவம் எதற்கு என்று கேட்டால் நியாயமான கேள்வியே. மறுபக்கம், ஈராசிரியர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் மூன்று வகுப்புகளை ஒரே கூடத்தில் வைத்து நடத்திக்கொண்டே சத்துணவுக் கணக்கையும் எழுதுகிறார். இருவருக்கும் ஒரே மாதிரிப் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

அண்மையில் இந்தக் கேள்விகள் அத்தனையும் ஒரே மேசைமேல் வந்து விழுந்தன. நாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நம்மவர்கள் நடத்தும் நிதியுதவி நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்க ஐவர் குழு அமைத்தார்கள். ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் அதில் சேர்த்தார்கள். மூவர் வந்தார்கள். முதலாமவர் 2001 இல் சேர்ந்த கணக்காசிரியர், மாற்றுமதத்தவர், ஐந்து மாதமாகப் பொறுப்புத் தலைமையாசிரியராக இருப்பவர்; 2029 இல் ஓய்வு பெறுவார். இரண்டாமவர் பள்ளியை நிறுவியவரின் பேரர். ஆறு ஆண்டு அனுபவம். மூன்றாமவர் ஓர் ஆசிரியை. பதிவேட்டின்படி எட்டு ஆண்டு. அதற்கு முன் மெட்ரிக்குலேஷன் பள்ளியில் கணக்கில் வராத ஏழு ஆண்டு.

உறுப்பினர் ஒருவர் 2025 செப்டம்பர் முதல் தேதியின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கொண்டுவந்திருந்தார். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்குள் இருக்கும் ஆசிரியர்கள் தகுதித் தேர்வு எழுதாமலே பணியில் நீடிக்கலாம், ஆனால் தேர்ச்சி பெறாமல் பதவி உயர்வு பெற முடியாது என்பது அதன் சாரம். கணக்காசிரியர் அத்தேர்வு எழுதாதவர். அவர் சேர்ந்த காலத்தில் அப்படி ஒரு தேர்வே இல்லை. தமிழகத்தில் முதல் தகுதித் தேர்வு நடந்தது 2012 இல். "நானா, நமக்கேன் வம்பு?" என்றார் உறுப்பினர். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது எம்மட்டும் பொருந்தும் என்ற கேள்வியை அதே தீர்ப்பு பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். 30 ஆம் பிரிவை நம் வீட்டுப் பிள்ளைக்காக மட்டும் நினைவுகூர்வது முறையா என்றும் கேட்டேன். தாளாளர் ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தங்கை மகன்தான் இரண்டாமவர்.

மூவரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். உங்கள் வகுப்பில் தாமதமாக வரும் பிள்ளைகள் யார், ஏன்? இளைஞர் நேர்மையானவர், "நான் அதைக் கவனித்ததில்லை சார்" என்றார். கணக்காசிரியர் ஐந்து பெயர்களைச் சொன்னார். ஒரு பிள்ளையின் அத்தா சவூதியிலிருந்து ஓராண்டாகப் பணம் அனுப்பவில்லை என்பது வரை சொன்னார். ஆசிரியை நான்கு பெயர்களைச் சொன்னார். அந்த நால்வரின் தாய்மாரும் விடியற்காலையில் இறால் உரிக்கப் போகிறவர்கள். மூத்த பிள்ளை தம்பி தங்கைகளுக்குப் பசியாற்றிவிட்டுத்தான் புறப்பட முடியும். அதனால் முதல் பாடவேளையில் புதிய பாடம் தொடங்குவதை அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

பதிவேட்டில் எட்டும் ஆறும் ஏறத்தாழச் சமம் என்றார் ஒருவர். விட்டுப்போன ஏழு ஆண்டுகளையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எண்ணினார்கள். என் வாக்கு கணக்காசிரியருக்கே. அவருக்கு இரண்டு, ஆசிரியைக்கு மூன்று. மூன்றாவது வாக்கு ஹாஜியாருடையது. அதை அவர் தம் தங்கை வீட்டில் எப்படிச் சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கணக்காசிரியர் சாவிக்கொத்தையும் பதிவேடுகளையும் புதிய தலைமையாசிரியையிடம் ஒப்படைத்தார். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட்ட பிறகு, "எட்டாம் வகுப்புக் கணக்கு எனக்கே இருக்கட்டும் டீச்சர்" என்று மட்டும் கேட்டாராம். ஆசிரியை கால அட்டவணையை எடுத்துக் காட்டினாராம். எட்டாம் வகுப்புக் கணக்கு அவர் பெயரில் முன்பே எழுதப்பட்டிருந்தது. ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு நேரே தலைமையாசிரியையின் பெயர் இருந்தது.